பழைய வண்டிக்கு நல்ல ஆசனம்



மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பெரும்பாலோர் எஞ்சினைப் பற்றியே பேசுவர். அதன் சக்தி எவ்வளவு, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், மேட்டில் திணறாமல் ஏறுமா என்பனவே வினாக்கள். ஆயினும், ஓட்டுபவரின் உடம்பும் வண்டியும் ஒன்றையொன்று இடைவிடாமல் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்கள் மூன்றேதான்: கைப்பிடி, கால்மிதி, ஆசனம். இம்மூன்றனுள் உடற்பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது ஆசனமே. அது கெட்டுவிட்டால், எஞ்சின் எத்துணைச் செம்மையாக ஓடினும், பத்துக் கல் தூரம் செல்வதற்குள் இடுப்பு முறையிடத் தொடங்கிவிடும். பழைய வண்டியின் ஆசனத்தைச் சீர்படுத்துவது எவ்வாறு, முன்னிலும் சுகமானதாக ஆக்குவது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் ஒரு பழைய புல்லட் நின்றுகொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் அவ்வண்டியைப் படைத்த மூலத் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூர் உற்பத்தி தொடர்ந்தது. படை வீரர்களுடன் எல்லைப்புறத்திற்கும், அலுவலர்களுடன் வடநாட்டு நகரங்களுக்கும் சென்ற அவ்வண்டி, நம்மைப் போலவே தெற்கிலிருந்து புறப்பட்டு நாடெங்கும் குடியேறியது எனலாம். மைசூரில் 1996 வரை செய்யப்பட்ட ஜாவா, எஸ்டி வண்டிகளும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவ்வண்டிகளுக்கு எஞ்சின் உறுப்புகள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால், முப்பது ஆண்டு வெயிலும் மழையும் தின்ற ஆசனத்தை அப்படியே விட்டுவிட்டு, “வண்டிக்கு வயதாகிவிட்டது, எலும்பை முறிக்கிறது” என்று விற்றுவிடுகிறவர்கள் பலர்.

ஆசனத்தை வடநாட்டுக் கடைவீதியில் ‘கத்தி’ என்று வழங்குவர். நம் வெட்டும் கத்தியன்று, ‘க’, ‘த’ இரண்டையும் மெலிந்த ஓசையுடன் ஒலிக்க வேண்டும். மெத்தைக்கும் அதுவே பெயர். வணிகர் அமரும் இடத்திற்கும் அரசர் அமரும் அரியணைக்கும் அதுவே பெயர். நம் சங்க நூல்களிலும் ‘கட்டில்’ என்னும் சொல் அரசிருக்கையைக் குறித்து வழங்கியது. உடம்பைச் சுகமாகத் தாங்கும் இடத்திற்கும் பெருமை தரும் இடத்திற்கும் ஒரே சொல்லை இட்ட மக்கள், உட்காருவதன் அருமையை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலாவதாக, குற்றம் ஆசனத்தினுடையதுதானா என்று தெளிய வேண்டும். சக்கரத்தில் காற்று அளவுக்கு மீறி இருந்தால் வண்டி தூக்கிப் போடும். பின்புற ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து அதன் வேலை நின்றுபோயிருந்தால், ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் இடிக்கும். இவற்றைச் சரிபார்க்காமல் ஆசனத்திற்குச் செலவிடுவது, ஒழுகும் கூரையின் கீழ்ப் புதுப்பாய் விரிப்பது போலாகும். காற்றையும் ஷாக் அப்சார்பரையும் சரிசெய்த பிறகும் வலி நீடித்தால், ஆசனத்தைக் கழற்றலாம்.

ஆசனம் மூன்று பகுதிகளால் ஆனது. அடியில் இரும்புத் தகடு, நடுவில் மெத்தை, மேலே ரெக்சின் உறை. பழைய வண்டிகள் சிலவற்றில் ஓட்டுபவருக்குத் தனி இருக்கையும் அதன் கீழ்ச் சுருள்வில்களும் உண்டு. அவ்வில்கள் இரண்டும் ஒரே உயரமும் ஒரே விறைப்பும் உடையனவாக இருத்தல் வேண்டும். ஒன்று தளர்ந்திருப்பின் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாளடைவில் முதுகுவலி உண்டாகும். ஆகவே வில்லை மாற்றும்போது இணையாகவே மாற்றுக.

உறையை உரித்ததும் தகட்டை நன்கு நோக்குக. மழைநீர் தங்கித் துருவேறியிருக்கும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து நீக்கி, வெடிப்பும் துளையும் உள்ள இடங்களில் வெல்டிங் செய்து, ரெட் ஆக்ஸைடு பூசி, அது உலர்ந்தபின் வண்ணம் அடிக்க வேண்டும். ஆசனத்தை வண்டியுடன் பிணைக்கும் கொக்கிகளும், தகட்டின் கீழ் உள்ள ரப்பர்க் குமிழ்களும் முக்கியமானவை. குமிழ் ஒன்று விழுந்துபோயிருந்தாலும் இரும்போடு இரும்பு உராய்ந்து அதிர்வு நேரே மேலே ஏறும். தகட்டின் அடிப்புறத்தில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் திறந்துவிடுக. ரெக்சினை அறுக்கும் கூரிய விளிம்புகளில் ரப்பர்ப் பட்டி பொருத்துக.

அடுத்தது மெத்தை. இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். கைவிரலால் அழுத்திப் பார்த்து, மிக மெதுவாக அமுங்குவதையே நல்லது என்று எண்ணிவிடுகின்றனர். நாம் உட்காரும்போது நம் பாரம் இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளின் மீதே பெரிதும் விழுகிறது. மிக மெத்தென்ற பஞ்சாயின் அவ்விரு முனைகளும் அதனைத் துளைத்துக்கொண்டு சென்று தகட்டைத் தொட்டுவிடும். கடைக்குள் உட்கார்ந்து பார்க்கையில் இன்பமாக இருந்தது, அரைமணி நேரப் பயணத்தில் கல்லாக மாறுவது இதனாலேயே. மிகக் கடினமாயினும் தீங்கே. பாரம் பரவாமல் அம்முனைகளிலேயே நிற்கும். ஆகவே அடியில் உறுதியான அடுக்கு, அதன்மேல் நடுத்தரமான அடுக்கு, எல்லாவற்றிற்கும் மேலே ஒரு சென்டிமீட்டர் அளவில் மென்மையான அடுக்கு என்று மூன்றாக அமைத்தலே நலம்.

நுரைப்பஞ்சின் அடர்த்தி வேறு, விறைப்பு வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் பஞ்சின் எடை. அது பஞ்சு எத்தனை காலம் உழைக்கும் என்பதைக் காட்டும். விறைப்பு என்பது எவ்வளவு பாரத்திற்கு எவ்வளவு அமுங்கும் என்பது. வீட்டுத் திண்டுகளுக்கு இடும் குறைந்த அடர்த்திப் பஞ்சு வண்டிக்கு உதவாது; சில மாதங்களில் நசிந்துவிடும். கன மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறையாத பஞ்சைக் கேட்டு வாங்குக. அடி அடுக்கிற்குத் துண்டுப் பஞ்சைச் சேர்த்து அழுத்திச் செய்த கனமான பஞ்சு பொருந்தும். முற்காலத்தில் ரப்பர் பாலில் தோய்த்த தென்னை நாரும் இவ்விடத்தில் உதவிற்று. காற்று புகும் தன்மையில் அதற்கு இன்றும் குறைவில்லை. அடுக்குகளை ஒட்டும்போது இரண்டு பரப்பிலும் பசையைத் தடவி, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு மட்டும் நிற்கும்வரை காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்க.

மெத்தையின் வடிவம் அதன் பொருளினும் முக்கியம். பழைய ஆசனங்கள் பலவும் முன்பக்கம் சரிந்திருக்கும். ஓட்டுபவர் மெல்ல மெல்லப் பெட்ரோல் டாங்கியை நோக்கி வழுக்கிச் செல்வார்; அதனைத் தடுக்கக் கைகளை ஊன்றுவார்; மணிக்கட்டு வலிக்கும். வலி மணிக்கட்டில், காரணம் ஆசனத்தில். எனவே அமரும் இடம் ஏறக்குறையச் சமமாக இருத்தல் வேண்டும். பின்புறம் அகன்றும், தொடைகள் வரும் முன்புறம் ஒடுங்கியும் இருந்தால், பாரமும் பரவும், கால்களும் தரையை எட்டும். உயரத்தைக் கூட்டுமுன் ஒன்றைச் சோதிக்க: வண்டியில் அமர்ந்து இரு பாதங்களையும் தரையில் ஊன்ற முடிகிறதா? புல்லட் கனமான வண்டி. நிற்கும்போது கால் எட்டாவிட்டால் சுகத்தைத் தேடி விபத்தை வாங்கியதாகும்.

உறைக்கு வருவோம். எலும்பு முனைகள் படியும் இடத்தில் தையல் வரலாகாது. தையற்கோடு அங்கே கயிறுபோல் உறுத்தும், அதன் வழியே நீரும் இறங்கும். பஞ்சின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் உறையை இழுத்துக் கட்டினால் மழைக்காலத்தில் பஞ்சு நீரை உறிஞ்சாது. மினுமினுக்கும் ரெக்சின் வழுக்கும். சற்றுச் சொரசொரப்பானதே நல்லது. கறுப்பு உறை நாக்பூர், ஜெய்ப்பூர் போன்ற ஊர்களின் கோடை வெயிலில் தோசைக்கல்லாய்க் காயும் என்பதை அங்கு வாழ்வோருக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

பின்னால் அமர்பவரைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஜபல்பூரில் மத்திய அரசின் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் பெரியப்பாவிடம் ஒரு புல்லட் உண்டு. இளமையில் தவணையில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியம்மாவைப் பின்னால் அமர்த்திக் கோயிலுக்கும், அங்கிருந்து காய்கறிச் சந்தைக்கும் சென்று வருவது அவர்கள் வழக்கம். பெரியம்மாவுக்கு இடுப்புவலி கண்டபின் அப்பயணம் நின்றது. ஆட்டோவில் போகலாமே என்றால் பெரியம்மா சம்மதிக்கவில்லை. கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். வண்டியை விற்றுவிடும்படி பிள்ளைகள் வற்புறுத்தினர். நான் அங்குச் சென்றிருந்தபோது, ஆசனத்தை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பெரியப்பா சொல்ல, இருவருமாக ஆசனம் தைக்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் வண்டியைச் சுற்றி வந்து, “இதில் அமரப்போவது யார்?” என்று கேட்டார். பெரியம்மாவைப் பற்றிச் சொன்னோம். “அப்படியானால் அம்மாவை அழைத்து வாருங்கள். அவர்கள் உட்கார்ந்து பார்க்காமல் நான் பஞ்சை வெட்ட மாட்டேன்” என்று அவர் இந்தியில் சொல்லிவிட்டுத் தம் வேலையைக் கவனிக்கலானார்.

மறுநாள் பெரியம்மா வந்தார். புடவை உடுத்தி ஒரு பக்கமாக அமர்வது அவர் வழக்கம். அவ்வாறு அமர்கையில் பாரம் முழுதும் சமமாகப் படியாமல், ஆசனத்தின் இடது விளிம்பு தொடையின் அடியை அழுத்துகிறது என்பதை அம்முதியவர் கண்டார். நடுவில் மேடிட்டிருந்த பின்னிருக்கையைச் சமமாக்கி அகலப்படுத்தினார். இடது விளிம்பை உருட்டி மென்மையாக்கினார். கால் வைக்கும் தட்டைச் சற்று உயர்த்திப் பொருத்தச் சொன்னார். கால் தொங்கினால் இடுப்பே அதன் பாரத்தையும் சுமக்கும் என்பது அவர் விளக்கம். இரு பக்கமும் கால் போட்டு அமர்வதே பாதுகாப்பானது என்றும் அவர் சொல்லத் தவறவில்லை. “நாற்பது வருஷமாய் இப்படித்தான் உட்கார்கிறேன், இனிமேலா மாற்றப்போகிறேன்?” என்று பெரியம்மா சிரித்தார். ஆயினும் அடுத்த மாதமே சல்வார் உடையில் இரு பக்கமும் கால் போட்டு அமர்ந்து கோயிலுக்குச் சென்றதாகக் கடிதம் வந்தது. வலி முற்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. வண்டி விற்கப்படவில்லை.

சட்டம் சொல்வதையும் கூறிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவரே அமரலாம். அவர் அமரும் இருக்கை வண்டியுடன் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய விதிகளுள் 123ஆவது விதி, பிடித்துக்கொள்ள நிலையான கைப்பிடியும், கால்மிதியும், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியளவேனும் மறைக்கும் காப்பும் வேண்டும் என்கிறது. ஆசனத்தை அழகுபடுத்தும் ஆர்வத்தில் கைப்பிடியையும் புடவைக் காப்பையும் கழற்றி எறிவது சட்டத்திற்கும் பிழை, உயிருக்கும் பிழை. மேலும், 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். தில்லி வட்டாரத்தில் அத்தகைய பெட்ரோல் வண்டிகளுக்கு எதிரான தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. அதனை நடைமுறைப்படுத்துவது பற்றி 2025இலும் உத்தரவுகள் பிறந்தன. அங்கு வாழ்வோர் நடப்பு விதியை விசாரித்தறிந்த பின்னரே பணம் செலவிடுக.

தில்லியில் கரோல்பாக், பெங்களூரில் ஜே.சி. சாலை என ஒவ்வொரு பெருநகரிலும் இவ்வேலைக்கென்று ஒரு வீதி உண்டு. ஆயத்தமாகத் தொங்கும் உறையை வாங்கி மாட்டிக்கொண்டு வருவது எளிது. ஆனால், உங்களை உட்காரச் சொல்லி, உங்கள் உயரத்தையும் எடையையும் கேட்டு, சுண்ணக்கட்டியால் பஞ்சில் அடையாளம் இடும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசிக் குறைக்கும் தொகை, பெரும்பாலும் பஞ்சின் தரத்திலேயே குறையும்.

ஒரு வார்த்தை எஞ்சியுள்ளது. எத்துணை நல்ல ஆசனமாயினும், மணிக்கு ஒரு முறை இறங்கிச் சிறிது நடப்பதற்கு அது ஈடாகாது. புதுப் பஞ்சு முதல் சில நாட்களில் சற்றே படியும். ஆகவே வேலை முடிந்த அன்றே தீர்ப்புக் கூறாதீர்கள். இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். எங்கே அழுத்துகிறது என்பதைக் குறித்துக்கொண்டு மீண்டும் அந்தத் தொழிலாளியிடமே செல்லுங்கள். இரண்டாம் முறை அவர் செதுக்கும் அந்த விரற்கடைப் பஞ்சில்தான் பெரும்பாலும் சுகம் இருக்கிறது.