விரல் படும் மரம்

கொல்கத்தாவின் காளிகாட் மெட்ரோவில் இறங்கி லேக் மார்க்கெட் பக்கம் நடந்தால் நம்மூர் மல்லிகைச் சரமும் காபித்தூளும் கிடைக்கும். அதே ராஷ்பிஹாரி அவென்யூவில்தான் சரோத், சித்தார் செய்வதில் பேர்போன ஹேமேந்திர சந்திர சென்னின் கடை இருக்கிறது. கருவி செய்பவரை இந்த ஊர் கொண்டாடுகிறது. கருவியைப் பேணுபவரை யாரும் கவனிப்பதில்லை. கிட்டாரில் விரல் படும் பலகையான ஃப்ரெட்போர்டைச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலையும் ஒரு கலைதான் என்று சொல்லவே வந்தேன்.

கொல்கத்தாவில் ஒரு காலத்தில் ஹவாயன் கிட்டார்தான் வீட்டுக்கு வீடு. தந்தியின் மேல் எஃகுத் துண்டை ஓட்டி வாசிப்பதால் இடதுகை விரல் மரத்தில் படவே படாது. ஸ்பானிஷ் கிட்டாரில் பெரும்பாலான சுரங்களுக்கு விரல் தந்தியை மரத்தோடு அழுத்துகிறது. வங்காளத்துப் புழுக்கத்தில் கேட்க வேண்டுமா? வியர்வையும் தூசியும் சேர்ந்து, ஃப்ரெட் கம்பிகளை ஒட்டிக் கருப்பு விளிம்பாகப் படிந்துவிடும்.

தேர்ந்த கை அவசரப்படாது. தந்திகளைக் கழற்றியதும், பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தைக் கம்பியை ஒட்டிச் சாய்த்துத் தள்ளும். அழுக்கு சுருள் சுருளாக எழும்பி வரும். பிறகு 0000 எண் ஸ்டீல் வுல்லால், மர ரேகை ஓடும் திசையிலேயே லேசாக ஒரு தேய்ப்பு. எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் அதற்கு முன்பே காந்தம் உள்ள பிக்கப்பை டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டினால் லேசில் போகாது. மரம் மங்கலாக, உலர்ந்து தெரியும்போது சில சொட்டு எண்ணெய். ஐந்து நிமிடம் ஊறவிட்டு மிச்சத்தை ஒட்டத் துடைக்க வேண்டும். இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். பளபளப்புக்கு ஆசைப்பட்டுச் சமையலறைக் கடுகெண்ணெயைப் பூசினால் நாளடைவில் அது பிசுபிசுத்து, சிக்கு வாடையும் அடிக்கும். லெமன் ஆயில் என்று இதற்கென விற்பதில் பெரும்பாலானவை வாசனை சேர்த்த மினரல் ஆயில். அது சிக்குப் பிடிக்காது.

ஃப்ரெட்போர்டில் பெரும்பாலும் இருப்பது ரோஸ்வுட். நம் நீலகிரிப் பக்கத்து ஈட்டி மரமும் அதில் ஒரு வகை. தன்னுள்ளேயே எண்ணெய்ப் பசை உள்ள மரம், அதனால் வார்னிஷ் இல்லாமலே விடுகிறார்கள். ஈட்டியைக் காக்கத் தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டமே போட்டது. 2017 முதல் உலக வணிகத்திலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. அப்படிப்பட்ட பலகையை உப்புத்தாள் போட்டு இழைக்கத் துணிபவரை நான் நல்ல கைவினைஞர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காலமும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். அப்போது எண்ணெய் வேண்டாம். மார்கழி, தை வறட்சியில் மரம் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். எண்ணெய் காட்டுவதற்கு அதுதான் சமயம். வருடத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. வெளிர்நிற மேப்பிள் பலகைக்கு இது எதுவும் பொருந்தாது. அதன்மேல் பெரும்பாலும் லேக்கர் பூச்சு இருக்கும். எண்ணெய் உள்ளே இறங்காது, ஸ்டீல் வுல் பூச்சைக் கீறிவிடும். நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.