அறுவைக்கு முன்னும் பின்னும்: இதயச் செயலிழப்பு மருத்துவருக்கான உயர்பயிற்சி

 

இதய மாற்று என்றதும் அறுவை அரங்கம்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. இந்தத் துறையின் வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது. 1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனின் குரூட் ஷூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதரின் இதயத்தைப் பொருத்தினார். அறுவை வென்றது. நோயாளி லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள்களில் நிமோனியாவால் இறந்தார். புதிய இதயத்தை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுத்த மருந்துகள், தொற்றை எதிர்க்கும் வலுவையும் குறைத்துவிட்டன. அடுத்த ஆண்டு பல நாடுகளில் இதே அறுவையைச் செய்தார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் நீண்ட நாள் வாழவில்லை. மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின.

ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வேயின் குழு பின்வாங்கவில்லை. 1973 வாக்கில் அங்கே பிலிப் கேவ்ஸ், கழுத்துச் சிரை வழியாக இதயத் தசையின் துணுக்கை எடுத்து ஆராயும் முறையைக் கொண்டுவந்தார். நிராகரிப்பை அறிகுறி தோன்றும் முன்பே காண முடிந்தது. பிறகு நிராகரிப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தது. 1983-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. தையல் போடும் திறமை 1967-லேயே இருந்தது. தைத்த இதயத்தோடு மனிதரை வாழவைக்கும் மருத்துவம் உருவாக மேலும் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆயின. அந்த மருத்துவத்தில் யாரை, எப்படிப் பயிற்றுவிப்பது என்பதே இம்மாநாட்டின் கேள்வி.

நம் நாட்டில் உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்ட் 3 அன்று, டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் இதய மாற்றை வெற்றிகரமாகச் செய்தார்கள். 2008-இல் தமிழ்நாடு அரசு மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்பு பெறும் திட்டத்தைத் தொடங்கியது. உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023-இல் அறிவித்தது. துயரத்தின் உச்சத்தில் ஒரு குடும்பம் சம்மதம் தருகிறது. எடுத்த இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள் மீண்டும் துடிக்க வேண்டும். அந்தக் கொடைக்கு நாம் செய்யும் கைம்மாறு, அதைப் பெற்றவரை நெடுங்காலம் வாழவைப்பதுதான்.

இதற்கான மருத்துவருக்கு முதலில் வேண்டியது காலம் அறியும் திறன். நோயாளி திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்கிறார்; நீர் மாத்திரையின் அளவைக் கூட்டியும் கால் வீக்கம் வற்றவில்லை; ரத்த அழுத்தம் தாழ்ந்து, முன்பு ஏற்றுக்கொண்ட மருந்துகளையே இப்போது குறைக்க வேண்டியிருக்கிறது; சிறுநீரகம் தளர்கிறது. இவை சேர்ந்து வந்தால் உயர்சிகிச்சை மையத்துக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். தாமதித்தால் நுரையீரல் நாளங்களின் அழுத்தம் மீளாத அளவுக்கு ஏறி, புதிய இதயத்தின் வலப்பக்கம் அதைத் தாங்க முடியாமல் போகலாம். பட்டியலில் சேரும் தகுதியையே நோயாளி இழந்துவிடக்கூடும். அதேசமயம், இதயச் செயலிழப்புக்கு இன்றுள்ள நான்கு வகை மருந்துகளை முறையாகக் கொடுத்தால் பலருக்கு மாற்று அறுவையே தேவைப்படாது. இந்த இரு வகை நோயாளிகளையும் பிரித்தறிவது அனுபவத்தில் விளையும் அறிவு.

அறுவைக்குப் பின்னும் கற்க நிறைய உண்டு. மாற்றப்பட்ட இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். ஓய்விலும் அது விரைந்து துடிக்கும். அட்ரோபின் கொடுத்தால் அதன் வேகம் கூடாது. தமனிகள் அடைபட்டாலும் பெரும்பாலும் நெஞ்சுவலி வராது. வலி வரட்டும் என்று காத்திருக்கும் மருத்துவர் ஏமாந்துபோவார். நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு குறைந்தால் நிராகரிப்பு; கூடினால் சிறுநீரகப் பாதிப்பு. காசநோய் பரவலாக உள்ள நம் மண்ணில் ஒவ்வொரு காய்ச்சலையும் தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

இதயச் செயலிழப்பும் இதய மாற்றும் சார்ந்த இந்த மருத்துவம் அமெரிக்காவில் 2008-இல் தனி உட்பிரிவாக ஏற்கப்பட்டது. இதயவியல் பயிற்சியை முடித்தவர்கள் மேலும் ஓராண்டு இதற்கெனப் பயில்கிறார்கள். இங்கே டி.எம். படிப்பில் மாணவரின் நேரத்தைக் கேத் லேப் பெரிதும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். டி.எம். முடித்தோருக்கு இதற்கென ஓராண்டு முழுநேரப் பயிற்சி வேண்டும். பயிற்சி பெறுபவர் அதே நோயாளிகளைப் பட்டியல் காலம் முதல் அறுவைக்குப் பிந்தைய வெளிநோயாளர் பிரிவு வரை தொடர்ந்து கவனிக்க வேண்டும். அவர் மாவட்ட மருத்துவமனைகளுக்கும் சென்று, உரிய நேரத்தில் அனுப்பும் முறையை அங்குள்ள மருத்துவர்களோடு சேர்ந்து உருவாக்க வேண்டும். மாற்று அறுவைக்குத் தகுதியில்லை என்ற செய்தியைக் கனிவோடு சொல்லவும், அதன்பின் நோயாளியைக் கைவிடாமல் வலிதணிப்புச் சிகிச்சை தரவும் இப்பயிற்சியிலேயே கற்க வேண்டும்.

இன்றைய அமர்வுகளில் இளம் மருத்துவர்கள் தயங்காமல் கேள்வி கேளுங்கள்; மூத்தவர்கள், காப்பாற்ற முடியாமல் போன நோயாளிகளைப் பற்றியும் பேசுங்கள். நிறைவு நாளில் ஒரு பாடத்திட்ட வரைவு நம் கையில் இருக்க வேண்டும். அந்த எதிர்பார்ப்போடு மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.