ஊருக்கு ஒரே சுடுகாடு, ஒரே பாதை



தஞ்சாவூரில் மேடை ஏறியவர்கள் பெரிய கோயிலைப் பற்றிப் பேசாமல் இறங்குவதில்லை. நானும் பேசுகிறேன். விமானத்தின் உயரத்தை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். அடியில் கல்லில் வெட்டியிருக்கும் நிலக்கணக்கைக் கேளுங்கள்.

கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களை ராஜராஜன் அங்கே எழுதி வைத்தான். ஊர் நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சேரி என்று வரி விழாத நிலத்தை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிறது அந்தக் கல்வெட்டு. சுடுகாட்டையும் கழிக்கிறது. சில ஊர்களில் அது ஒரு சுடுகாடாக இல்லை. வேளாளருக்கு வெள்ளான் சுடுகாடு தனி, பறையருக்குப் பறைச்சுடுகாடு தனி! ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிணத்துக்கும் எல்லைக்கல் நட்டாகிவிட்டது. பொற்காலம் என்று முழங்குகிறவர்கள் அந்த வரியையும் சேர்த்துப் படிக்கட்டும்.

அரச குடும்பத்துக்கு இடப் பஞ்சம் இருந்ததில்லை. பழையாறையில் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு ராஜராஜன் மகன் ராஜேந்திரன் சமாதிக் கோயிலாகப் பள்ளிப்படையே எடுத்தான். மராத்திய மன்னர்களுக்கு இதோ, வடக்கு வாசல் பக்கம் ராஜகோரி என்ற தனி மயானம். 1855இல் தஞ்சை மராத்திய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, கிழக்கிந்தியக் கும்பினி அரசை எடுத்துக்கொண்டது. 1866இல் நகராட்சி வந்தது. சுடுகாடு பதிவேட்டில் ஏற வேண்டும், போதிய இடம் இல்லையென்றால் நகர்மன்றமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் சொன்னது. மன்னர் தயவிலும் மிராசுதார் தயவிலும் கிடந்த ஆறடி நிலம் வரிப்பணத்தில் வந்த உரிமையானது. இன்று அரசர் சமாதிகளுக்குப் பக்கத்திலேயே நகரத்து மக்கள் எரிகிறார்கள்.

நகரத்தை விட்டு வெளியே வாருங்கள். 2016 ஜனவரியில் மயிலாடுதுறை பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் தலித் முதியவர் ஒருவர் இறந்தார். மறிக்கப்பட்ட பொதுப்பாதையில் உடலைக் கொண்டு போகலாம் என்று உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. என்ன நடந்தது? போலீஸே உடலைத் தூக்கி வேறு வழியில் கொண்டுபோய்ப் புதைத்தது!

இப்படிப்பட்ட வேறு வழி எப்படி இருக்கும் தெரியுமா? ஐப்பசி அடைமழை. சம்பா நட்ட வயல். பாடை தூக்குகிறவனுக்கு ஒரு கால் வரப்பில், ஒரு கால் முழங்கால் சேற்றில். பயிரை மிதித்துவிட்டான் என்று வயல்காரன் ஏச்சு வேறு. போய்ச் சேர்ந்தால் கொட்டகை கிடையாது. ஈர விறகு பிடிக்காமல் பழைய டயரைப் போட்டு எரிக்கிறார்கள். பெற்ற தகப்பனை!

பொதுப்பாதையில் ஏன் விடுவதில்லை என்று கேட்டால், அம்மன் கோயில் வாசல் வழியாகப் பிணம் போகக் கூடாது என்கிறார்கள். குடியானத் தெருப் பிணம் அதே வாசலில்தானே போகிறது? அதற்கு நடை சாத்துகிறவர்கள் இதற்கும் சாத்தட்டும்.

சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள ஊர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்தது. நல்லது. பாதையை மறிக்கிற ஊர்மேல் என்ன நடவடிக்கை? அதையும் அறிவிக்கச் சொல்லுங்கள்!

தோழர்களே, அடுத்த கிராமசபைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்குங்கள். சுடுகாடும் பாதையும் எந்தச் சர்வே எண்ணில் இருக்கின்றன, யார் அடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே சுடுகாடு, ஒரே பாதை என்று சர்வே எண்ணோடு தீர்மானம் கொடுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.