அணியை விட்டு விலக விரும்பும் பிள்ளை
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலை முதல் இம்மேடையில் மதிப்பெண்ணைப் பற்றியும் மேற்படிப்பைப் பற்றியும் அறிஞர் பலர் பேசிவிட்டனர். ஆகவே நாம் விளையாட்டுத் திடலுக்குச் செல்கிறோம். அதுவும் ஒரு வகுப்பறையே. கரும்பலகை இல்லாத காரணத்தால் பெரியவர்கள் அப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவன் தந்தையார் கையைப் பிடித்து இழுத்து வந்து எம் முன் நிறுத்தினார். கபடியில் கெட்டிக்காரன், பாடிச் சென்றால் வெறுங்கையோடு திரும்பமாட்டான். ஒரு மாதமாகப் பயிற்சிக்கு வருவதில்லை. “ஐயா, இரண்டு அடி கொடுத்தாவது அனுப்புங்கள். விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் பின்னாளில் வேலைக்கு ஆகும் என்கிறார்கள்” என்றார். கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைப்பவர். அவர் கவலை பொய்யன்று. பையனைக் கேட்டோம். “ஒன்றுமில்லை ஐயா” என்றான். தந்தை எதிரில் நிற்கும்போது வேறு என்ன சொல்வான்?

தந்தையாரை அனுப்பிவிட்டு, அன்று மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வருகைப் பதிவேடுகளை அலுவலக அறைக்குக் கொண்டு வரும் வேலையை அவனிடம் கொடுத்தோம். நான்காம் நாள், பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டு நின்றான். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் குடத்திலிருந்து டம்ளரில் மொண்டு குடிக்கின்றனர். இவனுக்கு மட்டும் ஒருவன் உயரத்திலிருந்து கையில் ஊற்றுகிறான். கோடு போடச் சுண்ணாம்பு கரைப்பதும், எல்லாருடைய பைகளையும் சுமப்பதும் இவன் பங்கு. “களத்தில் என் காலைக் கட்டிப்பிடித்து இழுக்கிறார்கள் ஐயா. குடத்தை மட்டும் நான் தொடக்கூடாதாம்” என்றான்.

நாள்தோறும் அத்திடலைக் கடந்தே நாம் பள்ளிக்குள் நுழைந்தோம். ஒருநாளும் அதைக் கண்டதில்லை. இதை இச்சபையில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்து என்ன செய்வது என்பதை முதலில் அவனிடமே கேட்டோம். காலை வணக்கக் கூட்டத்தில் தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று மட்டும் வேண்டினான். அதன்படியே நடந்தோம். பொறுப்பாசிரியர் “சிறு பிள்ளைகள் விளையாட்டு” என்றார். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்ததும், 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் தண்டிப்பதும் இதைத்தான் என்று எடுத்துரைத்தோம். குடம் அகன்றது, எல்லாருக்கும் ஒரே குழாய் என்றாயிற்று. சுண்ணாம்பு கரைக்க முறைப்பட்டியல் எழுதி ஒட்டினோம். தண்ணீர் ஊற்றிய பையனின் பெற்றோரை வரவழைத்துப் பேசினோம். அவர்கள் முகம் கோணியே சென்றனர்.

பையன் அந்த அணிக்குத் திரும்பவில்லை. ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்துகொண்டான். அவன் தந்தையாருக்கு எம்மீது நெடுநாள் வருத்தம்.

விலகுவது கோழைத்தனம் என்போர் உண்டு. அவர்களுக்குப் பல்வங்கர் சகோதரர்களின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். தார்வாரில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்காக 100க்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அதற்கு முன் பூனாவில் அவர் ஆடிய நாட்களில், தேநீர் வேளையில் மற்றவர் உள்ளே பீங்கான் கோப்பையில் அருந்த, அவருக்கு வெளியே மண் குவளையில் தந்தனர். குடம் வேறு, குவளை வேறு, கதை ஒன்றுதான். பாலு பொறுத்தார், ஆடினார். ஆனால் 1920ஆம் ஆண்டுப் பம்பாய்ப் போட்டியில் பாலு சேர்க்கப்படாமலும், தம்பி விட்டலுக்குரிய தலைமை மறுக்கப்பட்டும் போனபோது, விட்டலும் மற்றொரு தம்பி சிவராமும் காரணத்தை வெளிப்படையாக அறிவித்து அணியிலிருந்து விலகினர். 1923ஆம் ஆண்டில் அதே இந்து அணிக்கு விட்டல் தலைவரானார்; அணி வென்றது. பொறுத்தவரும் நம்மவர், விலகியவர்களும் நம்மவர். எது தக்கது என்பதை ஆடுகிறவனை விட்டுவிட்டு நாம் முடிவு செய்தல் ஆகாது.

எல்லா மனக்கசப்புக்கும் சாதியே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. கபடி அணியில் 12 பேர். களத்தில் 7 பேர்தாம். ஆண்டு முழுவதும் வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அலுப்புத் தட்டாதா? வெறும் வயிற்றோடு விடியற்காலைப் பயிற்சிக்கு வருபவன் சோம்பேறி என்று பெயர் வாங்குவதையும் கண்டிருக்கிறோம். பெண் பிள்ளைகளோ இருட்டியபின் தனியே திரும்பும் வழியை எண்ணியே விலகிவிடுகின்றனர். காரணமாகப் படிப்பைச் சொல்வர். சில பிள்ளைகளுக்கு ஆட்டமே பிடிக்காமற் போவதும் உண்டு. அதுவும் குற்றமன்று.

ஆதலால் தாய்மார்களே, பிறர் எதிரில் கேளாதீர்கள். அடியாதீர்கள். ஒரு மாலை திடலோரம் சென்று பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். யார் பை சுமக்கிறார், யார் எங்கே நீர் அருந்துகிறார் என்பது தானே தெரியும். வெறும் சலிப்பு என்றால் நடக்கும் போட்டி முடியும்வரை இருக்கச் சொல்லலாம். இழிவு நேர்ந்திருந்தால், ஒருநாளும் இருக்கச் சொல்லாதீர்கள். அதைப் பேசித் தீர்க்கும் பொறுப்பும் பிள்ளையுடையதன்று. பெரியவர்கள் பள்ளிக்கு வாருங்கள். தேதியிட்டு எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லை மறந்துவிடுவது அலுவலகங்களுக்கு எளிது. எம் அலுவலகத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.

கூலி முடிந்து வரும் பெற்றோர்க்கு மாலையில் திடலுக்கு வர நேரமிராது. நம் சங்கத்தில் படித்து முடித்த இளைஞர்கள் பலர் இருக்கிறீர்கள். வாரத்திற்கு இருவர் முறைவைத்துத் திடலுக்குச் செல்லலாம். பெண் பிள்ளைகளை வீடுவரை துணைசென்று விட, நம் பட்டதாரிப் பெண்கள் முன்வரலாம். இசைவுள்ளோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.