போர்டு வரையுற கை நம்ம கையா இருக்கட்டும்

(வீராம்பட்டினத்தில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



இன்று சர்க்யூட் போர்டு செய்வதைப் பற்றிப் பேசப் போகிறோம். "மீன் விக்கிற நமக்கு இது எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்திலேயே கரையைக் கடந்தது. இரண்டு தடவையும் கரண்ட் போச்சு. அந்த மாதிரி இருட்டில் எமர்ஜென்சி விளக்குதான் துணை. ஆனால் அதற்குள் இருக்கும் போர்டில் ஓர் இடம் கருகினால் முழு விளக்கையும் தூக்கிப் போடுகிறோம். பழைய மாடலுக்குக் கடையில் போர்டு கிடைப்பதில்லை. எளிமையான விளக்கு போர்டை நாமே வரைந்து நாமே செய்யலாம். இதைத்தான் சொல்ல வந்தோம்.

போர்டு என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. சுமார் 1.6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ஃபைபர் தகடு. அதன்மேல் தலைமுடியை விட மெல்லிசாகச் செம்பு ஒட்டியிருக்கும். நமக்கு வேண்டிய கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதிச் செம்பைக் கரைத்து எடுக்கிறோம். மிஞ்சும் கோடுதான் வயர்.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த வேலை. புள்ளி வைக்கிற மாதிரி முதலில் ஒவ்வொரு பாகத்தின் காலுக்கும் இடம் குறிக்கணும். பிறகு கோடு இழுக்கணும். ஒரே ஒரு வித்தியாசம்: சிக்குக் கோலத்தில் கோடு கோட்டை வெட்டலாம், இங்கே வெட்டக் கூடாது. வழியே இல்லை என்றால் மேலே ஒரு கம்பித் துண்டைப் பாலமாகப் போடலாம்.

முதலில் செய்து பழக ஒரு சின்ன விளக்கு சொல்கிறோம். செல்போன் சார்ஜர் 5 வோல்ட் தருகிறது. வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் போதும். மிச்சம் 2 வோல்ட்டைத் தாங்க ஒவ்வொரு எல்இடிக்கும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். அப்போது 20 மில்லி ஆம்பியர் ஓடும். பத்து எல்இடி வைத்தால் மொத்தம் 200. கரண்ட் இல்லாத நாளில் இதை பவர் பேங்கில் சொருகினால் ராத்திரி முழுக்க எரியும்.

வரைவதற்கு கிகேட் என்ற சாப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. 1992-இல் பிரான்சில் ஒரு பேராசிரியர் தொடங்கியது அது. வரைந்த படத்தை வழவழப்பான தாளில் லேசர் பிரிண்ட் எடுக்கணும். அதைச் செம்பின்மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தால் மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். தாளைத் தண்ணீரில் ஊற வைத்து உரித்துவிட்டு, போர்டை ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால் மை இல்லாத இடத்துச் செம்பு கரைந்துவிடும். பிறகு மையைத் துடைத்து, ஓட்டை போட்டு, பாகங்களை வைத்துச் சால்டரிங் செய்யணும்.

இங்கே கவனமா கேளுங்க. பிளாஸ்டிக் தட்டில்தான் கரைக்கணும், அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. சமையல் பாத்திரத்தைத் தொடவே கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையிலோ ஆற்றிலோ கடலிலோ ஊற்றக் கூடாது. அதில் செம்பு கலந்திருக்கிறது, மீனுக்கு விஷம். மூடிய பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம்தான் ஒப்படைக்கணும். சால்டர் கம்பியில் ஈயம் இருக்கும். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் பக்கத்தில் வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் சாப்பிடணும்.

பத்து, ஐம்பது போர்டு தேவை என்றால் வீட்டில் கரைக்க வேண்டாம். வரைந்த ஃபைலை அனுப்பினால் பெங்களூர், குஜராத் மாதிரி இடங்களில் இருக்கும் தொழிற்சாலைகள் செய்து அனுப்பும். அதனால் கரைக்கிறதை விட வரையுறதுதான் பெரிய வேலை. வரைபடம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தான் விலை சொல்வார்கள். மாட்டித் தருகிறவருக்குக் கூலி மட்டும்தான்.

பெண்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ராஜஸ்தானைக் காட்டலாம். அங்கே திலோனியாவில் பேர்ஃபுட் காலேஜ் என்ற அமைப்பு, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களையும் சூரிய விளக்குப் பொறியாளர்களாக ஆக்கியது. டுங்கர்பூரில் பழங்குடிப் பெண்கள் மும்பை ஐஐடி துணையோடு சூரிய விளக்கு செய்யக் கற்றார்கள். அவர்களுடைய மகளிர் கூட்டமைப்புகளே பங்குதாரர்களாகி 'துர்கா' என்ற பெயரில் நிறுவனம் நடத்தின. நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தானே அவர்கள்!

நம்ம ஊருக்கும் இது ரொம்பப் புதுசில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இதே வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஏம்பலத்தில் கோயில் இடத்திலேயே பெண்கள் மையத்தை நடத்தினார்கள். அன்று கம்ப்யூட்டரைத் தொட்ட கை, இன்று போர்டைத் தொடக் கூடாதா?

காசு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்கிறோம். இதில் உடனே லாபம் பார்க்க முடியாது. முதலில் ரிப்பேரில் கை பழகணும். இதற்காக இப்போதே குழுக் கடன் எடுத்து மெஷின் வாங்க வேண்டாம். "டெபாசிட் கட்டுங்க, வீட்டிலேயே போர்டு மாட்டிக் கொடுத்தா நாங்களே வாங்கிக்கிறோம்" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. வேலை தருகிறவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார்.

குழுவுக்கு இரண்டு பேர் முன்வந்தால் போதும். ஒருத்தர் கம்ப்யூட்டரில் வரையப் பழகட்டும், இன்னொருத்தர் சால்டரிங் பழகட்டும். பத்தாவது படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் எரியாமல் கிடக்கும் விளக்கு ஒன்றைக் கொண்டு வாங்க. பிரித்துப் பார்த்து, எந்த இடம் கருகியிருக்கு என்று சேர்ந்தே கண்டுபிடிப்போம்.