பாஸ் லினக்ஸை அழிப்பதற்கு முன்னால்

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் சின்னதுதான். ஒரே கம்ப்யூட்டர்ல விண்டோஸும் லினக்ஸும் இருக்கு, அதுல லினக்ஸ் வேண்டாம். எப்படி எடுக்கிறது? யூடியூப்ல இதுக்கு மூணு நிமிஷ வீடியோ நிறைய இருக்கு. அதுல பாதிப் பேர் சொல்றது, டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்க, ரைட் கிளிக் பண்ணுங்க, டிலீட் வால்யூம், முடிஞ்சது. அப்படிப் பண்ணினவங்க மறுபடி ஆன் பண்ணும்போது கருப்புத் திரையில "கிரப் ரெஸ்க்யூ"ன்னு ஒரு வரி நிக்கும். அதுக்கு மேல எதுவும் வராது.

தமிழ்நாட்டுல இந்தப் பிரச்சினை பல வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். 2011 செப்டம்பர் 15-ல விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சாங்க. எல்காட் வழியா கொள்முதல். அந்த மடிக்கணினிகள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்துச்சு. பாஸ்னா பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையா வெச்சு பண்ணினது. தமிழ் உட்பட இந்திய மொழிகள்ல மெனு, தமிழ் விசைப்பலகை எல்லாம் உள்ளயே இருக்கும். எங்க பக்கம் எனக்குத் தெரிஞ்சு பசங்க முதல் வாரத்துல அதைத் திறந்து பார்த்துட்டு விட்டுடுவாங்க. ஆன் பண்ணினா ரெண்டு பேர் வரும், கீழ் அம்புக்குறியை அழுத்தி விண்டோஸ் போவாங்க. அவ்வளவுதான் அதோட உறவு.

எங்க அத்தை வீடு திருநாவலூர். உளுந்தூர்பேட்டைக்கும் பண்ருட்டிக்கும் நடுவுல, சுந்தரர் பிறந்த ஊர்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கும் தெரியும். அத்தை பொண்ணுக்குப் பிளஸ் டூ-ல கிடைச்ச மடிக்கணினி இன்னும் அங்க ஓடுது. இப்ப அது தம்பிகிட்ட. பாலிடெக்னிக் படிக்கிறான். சி டிரைவ் சிவப்பாயிடுச்சு, ஆட்டோகேட் போட இடம் இல்ல. "மச்சான், அந்த பாஸ் நூறு ஜிபி சும்மா புடிச்சுக்கிட்டு இருக்கு, அழிச்சுக் குடு"ன்னான்.

நான் கேட்ட முதல் கேள்வி, அதுக்குள்ள யாராவது ஏதாவது வெச்சிருக்காங்களா? யாருமே தொட்டது இல்லன்னான். அத்தை அடுப்படியிலேர்ந்து சொன்னாங்க: "மாமா அதுலதானேப்பா கோயில் கணக்கு அடிச்சாரு. அவரு இருந்த வரைக்கும் ராத்திரி அதான் வேலை."

மாமா தவறி ரெண்டு வருஷம் ஆகுது. ஆடி சுவாதி குருபூஜைக்கு யார் எவ்வளவு உபயம், அரிசி யார் குடுத்தது, எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறையா செய்யறாங்கன்னு எழுதி வெச்சுக்கிட்டே இருந்திருக்காரு. விண்டோஸ் பக்கம் பசங்க கேம் போட்டு வெச்சிருப்பாங்க. பாஸ்ல தமிழ் தட்டச்சு தயாரா இருந்துச்சு, யாரும் தொந்தரவு பண்ணவும் இல்ல. அதான் அவருக்கு அந்தப் பக்கம் பிடிச்சுப்போச்சு.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். விண்டோஸ்ல உக்காந்து பார்த்தா அந்த ஃபைல்கள் இருக்கிறதே தெரியாது. லினக்ஸ் பார்ட்டிஷன் ஈஎக்ஸ்டி4 வடிவத்துல இருக்கும், அதை விண்டோஸ் தானா படிக்காது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டிரைவ் எழுத்து இல்லாத ஒரு வெறும் கட்டமாத்தான் காட்டும். பார்க்கிறவங்களுக்குக் காலி மாதிரி இருக்கும். அதனாலதான் கை கூசாம அழிக்கறாங்க.

பாஸைத் திறந்தா பாஸ்வேர்ட் கேட்டுச்சு. யாருக்கும் தெரியல. நிறையப் பேர் இந்த இடத்துலதான் "சரி, போகட்டும்"னு அழிச்சுடறாங்க. அவசியமே இல்ல. லாகின் பாஸ்வேர்ட் வாசலுக்குத்தான் பூட்டு, டிஸ்கை யாராவது என்கிரிப்ட் பண்ணியிருந்தா மட்டும்தான் பொருளுக்கும் பூட்டு. ஒரு பென்டிரைவ்ல உபுண்டுவோ டெபியனோ லைவ் இமேஜ் ஏத்தி, அதுலேர்ந்து பூட் பண்ணி, "இன்ஸ்டால்" தொடாம "ட்ரை" குடுத்தா அந்தப் பழைய பார்ட்டிஷனைத் திறந்து படிக்கலாம். "ஹோம்" ஃபோல்டருக்குள்ள பயனர் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும். அனுமதி இல்லன்னு சொன்னா சூடோ வழியா நகல் எடுக்கணும். கன்ட்ரோல் எச் அழுத்தினா புள்ளியில ஆரம்பிக்கிற மறைஞ்ச ஃபோல்டர்களும் தெரியும், பிரவுசர் புக்மார்க், மெயில் எல்லாம் அதுலதான். இப்படி எவன் வேணும்னாலும் உங்க லேப்டாப்பைத் திறக்கலாம்ங்கறதும் உண்மைதான், அது தனி எபிசோட்.

அத்தையைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுத்தான் திறந்தேன். ஓடிஎஸ் கணக்குத் தாள்கள், ஓடிடி கடிதங்கள், எல்லாம் யூனிகோடு தமிழ். ஃபான்ட் தொல்லை இல்ல. லிப்ரே ஆபீஸ் போட்டா விண்டோஸ்ல அப்படியே திறக்கும். பென்டிரைவ்ல ஒண்ணு, என் லேப்டாப்ல ஒண்ணுன்னு ரெண்டு நகல் எடுத்து, நகலைத் திறந்து பார்த்தேன். நகல் எடுத்தா மட்டும் போதாது, அது திறக்குதான்னு பார்க்கணும்.

இப்ப அழிக்கிற வேலைக்கு வர்றேன். முதல்ல மெஷின் எந்த வகைன்னு தெரியணும். விண்டோஸ்ல ரன் போய் "எம்எஸ்இன்ஃபோ32"ன்னு அடிங்க. பயோஸ் மோட்ங்கற வரியில லெஜசி அல்லது யூஇஎஃப்ஐன்னு போட்டிருக்கும்.

அத்தை வீட்டு மெஷின் லெஜசி. அதுல ஹார்ட் டிஸ்கோட முதல் செக்டர், 512 பைட், அதுதான் எம்பிஆர். அதுல 446 பைட் பூட் கோடுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. லினக்ஸ் போடும்போது அந்த 446 பைட்ல கிரப் வந்து உக்காந்துக்கும். ஆனா கிரப்போட மெனுவும் மற்ற பாகங்களும் லினக்ஸ் பார்ட்டிஷன்ல இருக்கு. பார்ட்டிஷனை அழிச்சா, வாசல்ல நிக்கிற கிரப் உள்ள தேடும், ஒண்ணும் இருக்காது, "கிரப் ரெஸ்க்யூ"ன்னு நின்னுடும். விண்டோஸ் பத்திரமாத்தான் இருக்கும், அதைக் கூப்பிட ஆள் இல்ல. இதைப் பார்த்துட்டு "ஃபார்மட் பண்ணணும்"னு யாராவது சொன்னா மெஷினைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க.

அதனால முதல்ல வாசல்ல இருக்கிற ஆளை மாத்தணும். விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ்லேர்ந்து பூட் பண்ணி, இன்ஸ்டால் குடுக்காம ரிப்பேர் போய், கமாண்ட் பிராம்ப்ட்ல "பூட்ரெக்", ஒரு இடைவெளி, "ஸ்லாஷ் ஃபிக்ஸ்எம்பிஆர்". இது அந்தப் பூட் கோடை மட்டும் மாத்தும், பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாது. ரீஸ்டார்ட் பண்ணினா மெனு வராம நேரா விண்டோஸ் வரணும். வந்தா நல்லது. லினக்ஸ் இன்னும் டிஸ்க்ல இருக்கு, போற வழிதான் இல்ல. ரெண்டு மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்துட்டு அப்புறம் அழிங்க. ஏற்கெனவே ரெஸ்க்யூ திரையில மாட்டினவங்களுக்கும் லெஜசி மெஷின்னா இதே கமாண்ட்தான்.

அழிக்கும்போது எது லினக்ஸ்னு அளவை வெச்சு உறுதி பண்ணிக்கணும், ஏன்னா விண்டோஸோட ரெகவரி பார்ட்டிஷனுக்கும் டிரைவ் எழுத்து இருக்காது. லைவ் பென்டிரைவ்ல ஜிபார்ட்டெட் திறந்தா ஈஎக்ஸ்டி4, ஸ்வாப்னு பேரே போட்டுக் காட்டும். நான் அந்தத் திரையை ஃபோன்ல படம் எடுத்து வெச்சுக்கிட்டு, விண்டோஸ்ல ஒவ்வொண்ணா ஒப்பிட்டு அழிச்சேன்.

தம்பி எதிர்பார்த்தது சி டிரைவ் பெருசாகும்னு. எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலா இருந்துச்சு. காலி இடம் சி-க்கு உடனே வலது பக்கம் இருந்தாத்தான் அது வேலை செய்யும். நடுவுல டி இருந்துச்சு. ஜிபார்ட்டெட்ல டி-யை நகர்த்தலாம், ஆனா அது மணிக்கணக்கா ஓடும், பாதியில கரண்ட் போனா அந்த டிரைவ்ல இருக்கிறது போச்சு. அந்த மடிக்கணினியோட பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, பிளக்கைப் பிடுங்கினா அணைஞ்சிடும். வேண்டாம்னுட்டேன். காலி இடத்தை டி-யோட சேர்த்து, டவுன்லோட்ஸ், வீடியோ எல்லாத்தையும் டி-க்கு மாத்தினோம். சி தானா காலியாச்சு.

யூஇஎஃப்ஐ மெஷின்ல வேலை இன்னும் சுலபம். செட்டிங்க்ஸ்ல பூட் வரிசையில விண்டோஸ் பூட் மேனேஜரை மேல கொண்டுவந்து, ஒழுங்கா ஏறுதான்னு பாருங்க. அப்புறம் லினக்ஸ் பார்ட்டிஷனை அழிங்க. ஆனா இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்னு ஒண்ணு சின்னதா இருக்கும், அதைத் தொடாதீங்க, விண்டோஸ் ஏறுறதும் அது வழியாத்தான். அதுக்குள்ள லினக்ஸ் பேர்ல ஒரு ஃபோல்டர் மிஞ்சியிருந்தா ஒண்ணும் ஆகாது, விட்டுடலாம். புது மெஷின்ல பிட்லாக்கர் ஆன்ல இருக்கலாம். பூட் வரிசையைத் தொட்டா 48 இலக்க ரெகவரி கீ கேட்க வாய்ப்பு இருக்கு. அதை முன்னாடியே எழுதி வெச்சுக்குங்க. அது இல்லாம மாட்டினா நான் சொன்ன எதுவும் உதவாது.

அப்புறம், எதை அழிக்கறதுங்கறதையும் ஒரு தடவை யோசிக்கலாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேக்குது, இந்தப் பழைய மடிக்கணினியில அது கிடையாது. பிரவுசர், கணக்கு, தட்டச்சு மட்டும்தான் வேலைன்னா விண்டோஸை எடுத்துட்டு ஒரு புது டெபியன் போடறதுதான் என் கருத்து. தம்பிக்கு ஆட்டோகேட் வேணும், அது லினக்ஸ்க்கு இல்ல. அதனால அவனுக்கு அந்த வழி சரிப்படல.

ஒரு சின்ன பின்குறிப்பு. எல்லாம் முடிச்சு விண்டோஸ் திறந்தப்ப காலையில 11 மணி, கடிகாரம் 5:30 காட்டுச்சு. தம்பி பயந்துட்டான். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமா எடுத்துக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரமா எடுத்துக்கும். நமக்கு வித்தியாசம் அஞ்சரை மணி நேரம். டேட் அண்ட் டைம் போய் சிங்க் நவ் குடுத்தா சரியாயிடும், லினக்ஸ் இனிமே இல்லங்கறதால திரும்ப வராது. அஞ்சரை மணி நேரம் இல்லாம, தேதியே பல வருஷம் பின்னாடி போச்சுன்னா அது சீமாஸ் பேட்டரி. கடையில காசு குடுத்து மாத்திக்கலாம்.

அடுத்த எபிசோட்ல டிஸ்க் என்கிரிப்ஷன் பத்திப் பேசலாம்.