சிற்றுருவில் ஓர் உழவு இயந்திரம்

புத்தளக் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு வண்டி செய்வது புதிய வித்தை அன்று. காற்றில் உதிர்ந்த குரும்பட்டிகளைப் பொறுக்கி, ஈர்க்குத் துண்டுகளைக் குத்தி இணைத்து, அரை நாழிகையில் ஒரு தேரை உருட்டிவிடுவார்கள். பனை மிகுந்த ஊர்களிலே நுங்குக் கோம்பை சில்லாகும். அத்தேரைக் கண்டு, “இதன் சில்லு மெய்த் தேரின் சில்லில் எத்தனையில் ஒரு பங்கு?” என்று எவரும் வினவுவதில்லை. அது விளையாட்டுப் பொருள். தேர் என்ற நினைவைத் தந்தால் அதன் கடமை முடிந்தது.

ஆனால், அதே கை வளர்ந்து, பழைய வாகனம் ஒன்றைச் சிற்றுருவில் அப்படியே அமைக்க விரும்பும்போது, அந்த வினா பிறந்தே தீரும். விளையாட்டுப் பொருளுக்குச் சாயல் போதும். மாதிரியுருவுக்கு அளவு வேண்டும். பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டி வாகன மாதிரி செய்யும் கலை, பொழுதுபோக்கு என்ற பெயரோடு உலகெங்கும் நடைபெறுகின்றது. அக்கலை கண்ணுக்கும் அறிவுக்கும் தரும் பயிற்சி யாது, புத்தளம் போன்ற ஓர் உப்புக்கரையில் அதற்கு என்ன பொருள் உண்டு என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இக்கலையின் வரலாற்றில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. நிக்கலஸ் கோவ் என்னும் ஹங்கேரியர் 1939ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஏர்பிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். காற்றடைத்த இரப்பர் விளையாட்டுப் பொருள்களே அதன் முதற் சரக்கு. போருக்குப் பின்னர், உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சினுள் அழுத்திச் செலுத்தும் பொறிகளைக் கொண்டு, அந்நிறுவனம் தலைவாரும் சீப்புகளை ஏராளமாகச் செய்தது. 1949ஆம் ஆண்டில் அதனிடம் புதிய வேலை ஒன்று வந்தது. பெர்குசன் உழவு இயந்திரத்தின் சிற்றுரு ஒன்றைச் செய்து தரவேண்டும். அதனை விற்பனையாளர்கள் கையில் எடுத்துச் சென்று காட்டவேண்டும் என்பதே கோரிக்கை. உறுப்புகளை வார்த்து, கையாலே பொருத்திக் கொடுத்தார்கள். பொருத்தும் கூலி மிகுந்தமையால், பின்னர் உறுப்புகளைப் பொருத்தாமலே விற்று, பொருத்தும் வேலையை வாங்குபவரிடமே விட்டார்கள். இன்று பெட்டிகளில் விற்கப்படும் போர் விமானங்களுக்கும் பழைய மோட்டார் வண்டிகளுக்கும் முன்னோடிகளுள் ஒன்றாக நிற்பது, வயலில் உழைக்கும் ஓர் எளிய இயந்திரமே!

அந்த எளிய இயந்திரமும் சாமானியமானதன்று. ஹரி பெர்குசன் அயர்லாந்திலே 1884இல் பிறந்தவர்; தாமே விமானம் கட்டி 1909இல் பறந்தவர். அவர் காலத்து உழவு இயந்திரங்கள் கலப்பையை ஒரு வண்டியைப் போலப் பின்னால் இழுத்துச் சென்றன. கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால், இயந்திரம் முன்புறம் தூக்கிப் பின்புறமாகக் கவிழ்ந்து சாரதியை நசுக்கும் ஆபத்து இருந்தது. பெர்குசன், கலப்பையை மூன்று இடங்களிற் பற்றும் பொறியமைப்பால் இயந்திரத்தோடு ஓர் உடலாக இணைத்தார். எண்ணெய் அழுத்தத்தால் அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்தார். நிலம் கலப்பையை எவ்வளவு இழுக்கின்றதோ, அவ்வளவு பாரம் பின் சக்கரங்களில் ஏறி அவை வழுக்காமல் நிலத்தைப் பற்றிக்கொண்டன. ஆகவே இலேசான இயந்திரம் கனத்த இயந்திரத்தின் வேலையைச் செய்தது. 1946 முதல் 1956 வரை கொவென்றி நகரத்திலே இவ்வகை இயந்திரங்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டன. உடல் முழுவதும் சாம்பல் நிறம். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4ஆம் நாள் தென்துருவத்தை அடைந்ததும் இவ்வினத்து இயந்திரங்களின் துணையோடுதான்.

இதன் வழிவந்த இயந்திரங்கள், மசி பெர்குசன் என்ற பெயரோடு, இலங்கையின் வயல்களிலும் தோட்டங்களிலும் பழகிப்போயின. புத்தளமும் குருநாகலும் கம்பகாவும் சேர்ந்த தென்னை முக்கோணத்தில், தேங்காய் ஏற்றிய பெட்டியை இழுப்பது உழவு இயந்திரம். மர வரிசைகளின் நடுவே மண்ணைக் கிளறுவதும் அதுவே. கடற்கரையிலோ அதற்கு எவரும் எண்ணாத வேறொரு தொழில் வாய்த்தது. உடப்பு முதலிய ஊர்களில் கரைவலையின் கயிற்றை ஆட்கள் அணிவகுத்து நின்று, அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தார்கள். பிற்காலத்தில், பின்புறத்தில் சுழலுருளை பூட்டிய உழவு இயந்திரம் மணலில் நின்று அக்கயிற்றைச் சுற்றி இழுத்தது. கைகளின் நோவு குறைந்தது; பாட்டின் தேவையும் குறைந்தது. ஓர் இயந்திரம் ஓர் ஊரின் வாழ்வில் எவ்வளவு ஆழமாகக் கலந்துவிடும் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

இக்கரையோரத்து இளைஞன் ஒருவன், தோட்டத்து மூலையில் ஓய்ந்து நிற்கும் பழைய பெர்குசன் ஒன்றை மாதிரியாக அமைக்கத் தொடங்குகின்றான் எனக் கொள்ளலாம். ஹெலர் என்னும் பிரெஞ்சு நிறுவனம் இவ்வியந்திரத்தை ஒன்றுக்கு இருபத்துநான்கு என்ற அளவில் பிளாஸ்டிக் உறுப்புகளாக வெளியிட்டுள்ளது. அப்படியொரு பெட்டி அவன் கைக்குக் கிடைத்தால், உள்ளே இருப்பது உழவு இயந்திரமன்று; சட்டங்களில் இலையும் காயுமாகத் தொங்கும் உறுப்புகளின் கூட்டமே. முதலிற் செய்யவேண்டியது, சவர்க்கார நீரில் அவற்றைக் கழுவுதல். அச்சிலிருந்து கழன்று வருவதற்குப் பூசிய எண்ணெய்ப் பசை போகாவிடின் வர்ணம் ஒட்டாது. பின்னர், ஒவ்வோர் உறுப்பையும் சட்டத்திலிருந்து நறுக்கி, நறுக்கிய வடுவை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, ஒட்டுமுன் பொருத்திப் பார்க்கவேண்டும்.

ஒட்டும் திரவமும் சாதாரணப் பசையன்று. பசை இரு பொருள்களின் இடையே நின்று பிடிக்கும். இத்திரவமோ பொலிஸ்டைரீன் என்னும் இப்பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைக்கின்றது. கரைந்த இரு பரப்புகளும் ஒன்றோடொன்று கலந்து, திரவம் ஆவியானபின் ஒரே பொருளாக இறுகுகின்றன. அதனாலேயே ஒரு துளி தவறி வீழ்ந்தால் அழியாத தழும்பு உண்டாகும். அதன் ஆவி உடலுக்குத் தீங்கானது. சாளரத்தைத் திறந்து வைத்தே வேலை செய்தல் வேண்டும்.

இனித்தான் அளவு என்பது ஆசிரியனாக வந்து நிற்கின்றது. மெய்யான இயந்திரத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 70 அங்குலம். அதை 24ஆல் வகுத்தால் மாதிரியில் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவும் பெட்டியைச் செய்தவர்களே கணக்கிட்டுத் தந்துவிடுவார்கள். ஆனால், சக்கரத்தின் மேலுள்ள சேற்றுக்காப்பை அவன் உற்று நோக்கினால் ஒரு குறை தெரியும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கின் கனம் ஒரு மில்லிமீற்றர் என்றால், மெய்யளவில் அது 24 மில்லிமீற்றர். ஓர் அங்குலத்துக்கு அண்மையான கனம். மெல்லிய உருக்குத் தகடு கோட்டைக் கதவு போலக் காட்சி தரும்! ஆகவே, கண்ணுக்குப் படும் விளிம்பை மட்டும் உட்புறமாகச் சரித்துத் தேய்த்து மெலியச் செய்கின்றான். பெற்றோலில் ஓடும் இயந்திரமாயின், நான்கு தீப்பொறிச் செருகிகளுக்கும் மின்வடங்கள் செல்லவேண்டும். ஏழு மில்லிமீற்றர் தடித்த வடம் மாதிரியில் 0.3 மில்லிமீற்றர், பழைய மின்கம்பியினுள் இருக்கும் செப்பிழை ஒன்று அதற்குப் போதும். டீசல் இயந்திரமாயின் அவ்வடங்களே இரா. எனவே தோட்டத்து மூலைக்கு மீண்டும் சென்று, தான் செய்வது எது என்று பார்த்து வரவேண்டியவனாகின்றான்.

இவ்வாறு போய்ப் போய்ப் பார்த்து வருவதுதான் இக்கலையின் உயிர். நாள்தோறும் கண்ட பொருளை மனிதன் பார்ப்பதில்லை. அதன் பெயரை மட்டுமே அறிந்திருக்கின்றான். அதனை அளந்து செய்ய முற்படும்போதே, மூடி முன்புறமாகத் திறக்கின்றது என்பதும், சாரதியின் இருக்கை ஒரே தகட்டில் அழுத்திய கிண்ணம் என்பதும், பின் சக்கர வளையத்தை மாற்றிப் பூட்டினால் இடைவெளி அகலும் என்பதும் அவனுக்குப் புலப்படுகின்றன. பயிர் வரிசைக்கேற்பச் சக்கரங்களை விலக்கவே அந்த ஏற்பாடு என்ற காரணமும் உடன் விளங்குகின்றது.

எல்லாம் பொருத்தி வர்ணம் தீட்டும் வேளையில், கைத்திறனால் மட்டும் விடை காண இயலாத வினா ஒன்று எழுகின்றது. எந்த இயந்திரத்தைச் செய்வது? கொவென்றியிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததையா, புத்தளத்திலே பல்லாண்டு உழைத்து ஓய்ந்ததையா? பெட்டியின் மேலுள்ள படம் புத்தம் புதிய சாம்பல் நிறத்தைக் காட்டுகின்றது. அதன்படி தீட்டினால் பார்ப்பவர் மெச்சுவர். ஆயினும், அது எந்த நாட்டிலும் இருந்திருக்கக்கூடிய இயந்திரம். இந்த மண்ணின் இயந்திரமாகாது.

துரு ஏறிய தோற்றத்தை உண்டாக்க மாதிரி செய்வோரிடையே ஒரு முறை வழங்குகின்றது. முதலில் துருவின் செம்மை கலந்த கபில நிறத்தைப் பூசி நன்றாகக் காயவிடவேண்டும். துரு தோன்றவேண்டிய இடங்களை நீரால் நனைத்து அதன்மேல் உப்பைத் தூவவேண்டும். உப்பு உலர்ந்து பற்றிக்கொண்டபின், மேலே சாம்பல் நிறத்தைப் புகையாகத் தெளிக்கவேண்டும். அதுவும் காய்ந்ததும், ஈரத் தூரிகையால் உப்பை உரசி அகற்றினால், வர்ணம் உதிர்ந்து உள்ளிருக்கும் துரு வெளிப்பட்டதுபோலவே தோன்றும். உப்பைத் தெரிந்தெடுப்பதிலும் அளவு வேண்டும்: அரை மில்லிமீற்றர்ப் பரல் ஒன்று, மெய்யளவில் 12 மில்லிமீற்றர் அகலமான தழும்பாகிவிடும்; ஆதலால் சிலவிடத்து உப்பைப் பொடித்தே தூவுதல் நன்று. வேலை முடிந்தபின் உப்பு எஞ்சாமற் கழுவவும் வேண்டும். எஞ்சிய உப்பு ஈரத்தை இழுக்கும்.

உப்புத்தளம் என்பதே புத்தளம் ஆயிற்று எனக் கூறுவோர் உளர். உப்பு விளையும் இம்மண்ணிலே, மெய்யான இயந்திரத்தை அரிக்கும் பொருளும், மாதிரியில் அவ்வரிப்பைக் காட்டும் பொருளும் ஒன்றாக அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. ஆனால் கண்டபடி தூவுவது உண்மையாகாது. சோழகக் காற்று கடலிலிருந்து எந்தப் பக்கமாக வந்து மோதியதோ, அந்தப் பக்கமே மிகுதியாக அரிக்கப்பட்டிருக்கும். சேற்றுக்காப்பின் கீழ் விளிம்பிலும், ஆணித் தலைகளைச் சுற்றியும், நீர் தங்கும் மூலைகளிலும் துரு முதலில் ஏறும். எண்ணெய் கசியும் இடத்தில் துரு அணுகாது. அங்கே தூசி படிந்து கறுத்திருக்கும். சாரதியின் கால் ஊன்றிய இடத்தில் வர்ணமும் இராது, துருவும் இராது, இரும்பு மினுமினுக்கும். அந்த ஒரு மினுக்கத்தில், பல ஆண்டுகள் விடியற்காலையில் ஏறி அமர்ந்த மனிதன் ஒருவனின் உழைப்பு எழுதப்பட்டிருக்கின்றது. அதனைத் தவறாமற் குறிப்பதற்கு, அவனையே சென்று கேட்பதைவிட வேறு வழி இல்லை. அவன் உயிரோடு இருக்கும்போதே கேட்டாலன்றிப் பயன் இல்லை.

பழைய கோட்டைகளுக்கும் கோவில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் வரலாறு எழுதுவோர் உண்டு. ஊருக்குச் சோறு தந்த இயந்திரங்களுக்கோ வரலாறு எழுதப்படுவது அரிது. உறுப்புகள் கழற்றி விற்கப்பட, எஞ்சிய உடல் பழைய இரும்பின் விலைக்குப் போகின்றது. ஒரு தலைமுறை சென்றபின், கடற்கரையில் கயிறிழுத்த இயந்திரம் எப்படி இருந்தது, அதன் உருளை எவ்விடத்தில் பூட்டப்பட்டது என்று கேட்டால் விடை கூறுவார் இரார். பெட்டியில் வரும் மாதிரியில் அவ்வுருளை இல்லை. அது பூட்டும் வேலை இக்கரையோரத்துக் கைகளுக்கே உரியது.

இதற்கு மிகுந்த பொருட்செலவு வேண்டும் என்று அஞ்சவேண்டியதில்லை. அடியில் முக்கோணத்துள் 6 என்ற எண் பொறித்த கோப்பைகளும் மூடிகளும் பொலிஸ்டைரீனால் ஆனவையே. கழித்த அப்பொருளை வெட்டித் தகடாக்கலாம், ஈர்க்கு அச்சாகும், செப்பிழை வடமாகும். அளவுகோலும் கூரிய கத்தியும் அரமும் இருந்தால், மாணவர் சிலர் மூத்தோர் ஒருவரின் மேற்பார்வையில் ஒன்றுகூடி, தம் ஊரின் வாகனம் ஒன்றை அளந்து வரைந்து அமைக்க இயலும். கணிதத்து விகிதமும் விஞ்ஞானத்துத் துருவும் ஊரின் வரலாறும் அந்த ஒரு வேலையிலே ஒன்றாய்ச் சேரும். மாதிரி சிறிது கோணினாலும் குற்றமில்லை. அதனோடு அளவுகளை எழுதிய தாள் ஒன்றும், சாரதி சொன்ன செய்திகளை எழுதிய தாள் ஒன்றும் இருத்தல் வேண்டும்.

அளவு பிழையாத மாதிரி, இயந்திரத்தைச் செய்த தொழிற்சாலைக்கு உண்மையாய் இருக்கின்றது. தேய்வும் துருவும் பிழையாத மாதிரியோ, அவ்வியந்திரத்தை வைத்து வாழ்ந்த மக்களுக்கு உண்மையாய் இருக்கின்றது. இரண்டும் ஒருங்கே அமைந்த மாதிரி உள்ளங்கையில் அடங்கும் அளவினதாயினும், ஓர் ஊரின் உழைப்பைத் தாங்கி நிற்கும். இரும்பை உப்புக் காற்று விட்டுவைக்காது. இரும்பின் நினைவை விட்டுவைப்பதும் விடாததும் மனிதர் கையில் உள்ளது.